பக் பென்னி: மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசான் 1973-ல் ஏன் அந்தச் சமரசத்துக்குச் சம்மதித்தார்?

1968 ஏப்ரல் 9 அன்று அட்லான்டாவில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு இரண்டு இறுதிச் சடங்குகள் நடந்தன. காலையில் அவருடைய குடும்பத்தின் எபனேசர் தேவாலயத்தில் ஒன்று. பிறகு இரண்டு கோவேறு கழுதைகள் இழுத்த ஒரு பழைய மரவண்டியில் சவப்பெட்டியை ஏற்றி, பல்லாயிரம் பேர் பின்னால் நடக்க, அவர் படித்த மோர்ஹவுஸ் கல்லூரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே திறந்தவெளியில் இரங்கல் உரை ஆற்ற எழுந்து நின்றவருக்கு வயது 73. ஒருவர் முந்திச் செத்தால் மற்றவர் உரையாற்ற வேண்டும் என்பது அவருக்கும் கிங்குக்கும் இருந்த ஆசை. செத்த மகனைப் பற்றிப் பேசச் சொல்வது போல இருக்கிறது என்றுதான் அவர் பேச்சையே தொடங்கினார். செத்தவருக்கு வயது 39.

அந்தப் பெரியவர் பெஞ்சமின் மேஸ். 27 வருடம் மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவர், நம் ஊர்க் கணக்கில் முதல்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிங்கின் வாழ்க்கை வரலாறு எதைப் புரட்டினாலும் இரண்டு மூன்று பக்கத்தில் வந்து போவார். எனக்கு அவர்மேல் ஆர்வம் வந்தது வேறு ஒரு காரணத்தால். நிறப்பிரிவினையை வாழ்நாள் முழுக்க எதிர்த்த இந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு அட்லான்டா பள்ளி வாரியத் தலைவராகி, 1973-ல் ஒரு சமரசத்துக்குச் சம்மதித்தார். அந்தச் சமரசத்தின்படி நகரத்தின் பெரும்பாலான பள்ளிகள் இருந்தபடியே, அதாவது கறுப்பினப் பிள்ளைகள் ஒரு பக்கம், வெள்ளையினப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்றே இருந்துவிடும். கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. கொதித்துப் போனது. தன் சொந்த அட்லான்டா கிளையின் தலைவரையே பதவியிலிருந்து தூக்கியது.

துரோகமா, முதுமையின் தளர்ச்சியா, இல்லை வேறு கணக்கா? இதற்குப் பதில் தேட 1898 வரை போக வேண்டும்.

மேஸ் பிறந்தது 1894-ல், தென் கரோலினாவின் கிராமப்புறத்தில். அப்பா ஹெசக்காயா, அம்மா லூவினியா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. அவருடைய முதல் ஞாபகமே ஒரு வன்முறைக் கும்பல்தான். 1898 நவம்பர் தேர்தலையொட்டி பக்கத்தில் இருந்த ஃபீனிக்ஸ் என்ற ஊரில் கறுப்பினத்தவர் வாக்குரிமையை வைத்துக் கலவரம் வெடித்தது, பலரைக் கொன்றார்கள். துப்பாக்கியோடு குதிரைகளில் வந்த வெள்ளையர் கூட்டம் ஒன்று அவருடைய அப்பாவை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட வைத்தது. நான்கு வயதுப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிவரை அதை அவர் மறக்கவில்லை.

அந்தப் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வருடத்தில் நான்கு மாதம்தான் பள்ளி, மிச்ச நாளெல்லாம் பருத்திக்காடு. படிக்க வேண்டும் என்ற மகனுக்கும் நிலத்தில் இறங்க வேண்டும் என்ற அப்பாவுக்கும் நடந்த சண்டையில், ரயில் செலவுக்குப் பத்து டாலரை அப்பா கோபத்தோடு வீசியெறிந்ததாக மேஸ் பின்னாளில் எழுதினார். ஆரஞ்ச்பர்க் ஊரில் கறுப்பினத்தவருக்கான அரசுக் கல்லூரியோடு சேர்ந்திருந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, கட்டணம் கட்டக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்தார். அதை முடிக்கும்போது வயது 21. முதல் மாணவராகத்தான் முடித்தார்.

அப்புறம் வடக்கே, மெய்ன் மாநிலத்தில் பேட்ஸ் கல்லூரி. அடிமைமுறையை எதிர்த்தவர்கள் தொடங்கிய கல்லூரி அது. வெள்ளையரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து போட்டி போட்டால் ஜெயிக்க முடியுமா என்று தனக்குத்தானே சோதித்துப் பார்க்கத்தான் அங்கே போனார், ஜெயித்தார், 1920-ல் சிறப்பு மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினார். அதன் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம். நடுவில் வயிற்றுப்பாட்டுக்கு ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் பணியாள் வேலை, மோர்ஹவுஸில் கணிதம் கற்பிக்கும் வேலை, டாம்பா நகரத்தில் அர்பன் லீக் என்ற நல அமைப்பின் செயலர் வேலை, ஒய்.எம்.சி.ஏ. வேலை, நாடு முழுக்கக் கறுப்பினத் தேவாலயங்களைக் கணக்கெடுத்து எழுதிய ஆய்வு. எல்லாம் முடிந்து முனைவர் பட்டம் கையில் வந்தபோது 1935, வயது 40. நம்மில் எத்தனை பேர் இருபத்தைந்து வயதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுகிறோம் என்று ஒரு வரி எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அவருக்கு அது சாகசமே இல்லை. வேறு வழி இல்லாமல் சுற்றி வந்த பாதை.

1934-ல் வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சமயத்துறைக்குத் தலைவரானார். அங்கிருந்துதான் 1936 கடைசியில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மைசூரில் நடந்த உலக ஒய்.எம்.சி.ஏ. மாநாட்டுக்கு வந்தவர், வழியில் வார்தா போய் காந்தியைச் சந்தித்து ஒன்றரை மணி நேரம் பேசினார். சிறுபான்மை ஒன்று பெரும்பான்மையை எதிர்த்து அகிம்சையைக் கையாள முடியுமா என்று மேஸ் கேட்டார். பெரும்பான்மையைவிடச் சிறுபான்மையால்தான் அதிகம் முடியும் என்பது காந்தியின் பதில். மேஸின் அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது: தீண்டாமையை எதிர்க்கும் நீங்கள் சாதியமைப்பையே ஏன் எதிர்க்கவில்லை? வேலைப் பிரிவினை என்ற அளவில் காந்தி அதை ஏற்றுக்கொண்டுதான் பேசினார். மேஸ் காந்தியிடம் பெரிய மரியாதையோடு திரும்பினார், ஆனால் அந்தப் பதில் அவருக்கு முழுதாக இறங்கியதாகத் தெரியவில்லை. அதே வருடம்தான், அதாவது 1936-ல்தான், அம்பேத்கர் சாதி ஒழிப்பு பற்றிய தன் உரையை அச்சிட்டு காந்தியோடு மோதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கு அவரைக் கூட்டிப்போனார்கள். தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, இவர் அமெரிக்காவின் தீண்டத்தகாதவர், இருந்தும் இவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொன்னார். மேஸுக்கு முதலில் சுருக்கென்றது, கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் அடங்கி, ஆமாம், என் நாட்டில் நான் அதுதானே என்று உறைத்தது என்கிறார். இதை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? கிங் 1959-ல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தனக்கு இதே மாதிரி நடந்ததாக 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதால், மாணவர் சொன்னது ஆசிரியரின் அனுபவத்தைத்தானோ என்று சந்தேகப்படும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், சாதி என்ற சொல்லைக் கொண்டு தன் நாட்டைப் பார்க்கும் பழக்கம் மோர்ஹவுஸுக்கு வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

1940-ல் மோர்ஹவுஸுக்குத் தலைவராக வந்தார். அந்தக் கல்லூரி 1867-ல், உள்நாட்டுப் போர் முடிந்த இரண்டே வருடத்தில், அகஸ்டா என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் விடுதலையான அடிமைகளுக்காகத் தொடங்கியது. பிறகு அட்லான்டாவுக்கு இடம் மாறியது. ஆண்களுக்கு மட்டும். பெயர் பெரிது, பெட்டி காலி. பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்டு, பக்கத்தில் இருந்த மற்றக் கல்லூரிகளின் ஏழைச் சொந்தக்காரன் போலக் கிடந்தது.

மேஸ் வந்ததும் செய்த முதல் காரியம் புரட்சிகரமானது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பாக்கிக் கட்டணத்தை வசூலிக்க ஆரம்பித்தார். கறாரோ கறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பக் பென்னி, 'பக்' என்றால் டாலருக்கு அமெரிக்கக் கொச்சை, 'பென்னி' பெஞ்சமின் என்பதன் சுருக்கம். அந்தப் பணத்தில்தான் ஆசிரியர்களின் சம்பளம், முனைவர் பட்டம் பெற்றவர்களைக் கொண்டுவருவது, நூலகம், கட்டடம் எல்லாம். 1944-ல் டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்லூரியின் தலைவர் ஃபிரெடரிக் பேட்டர்சன் முன்கையெடுத்து, 27 கறுப்பினக் கல்லூரிகள் சேர்ந்து நிதி திரட்ட ஒரு கூட்டு அமைப்பைத் தொடங்கியபோது அதில் முன்னணியில் நின்றவர்களில் மேஸும் ஒருவர். தனித்தனியாகப் பணக்காரர் வீட்டு வாசலில் நிற்பதைவிடச் சேர்ந்து நிற்பது நல்லது என்ற எளிய கணக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போராட்ட வரலாறு எழுதும்போது இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தெற்கில் கறுப்பினக் கல்லூரிகள் இரண்டு வகை. மாநில அரசு நடத்தியவை, தேவாலயங்களும் நன்கொடையாளர்களும் நடத்தியவை. மாநிலக் கல்லூரியின் தலைவருக்குச் சம்பளம் கொடுப்பது நிறப்பிரிவினையைக் காப்பாற்றும் அதே அரசு. 1960-ல் அலபாமா மாநிலக் கல்லூரி மாணவர்கள் மான்ட்கோமரியில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து போராடியதும், ஆளுநர் ஜான் பேட்டர்சன் சொல்லி ஒன்பது மாணவர்களைக் கல்லூரி நீக்கியது. அங்கே வரலாற்றுத் துறையில் இருந்த லாரன்ஸ் ரெட்டிக்கையும், இவர் 1959-ல் கிங்கோடு இந்தியா வந்தவர், வேலையை விட்டு அனுப்பினார்கள். மேஸின் கல்லூரி தனியார் கல்லூரி. யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் நிற்கும் அளவுக்குப் பணம் இருந்தால்தான் தலைவரும் வாயைத் திறக்கலாம், மாணவனும் ஜெயிலுக்குப் போய்விட்டு மறுபடி வகுப்புக்கு வரலாம். பக் பென்னி வசூலித்த ஒவ்வொரு டாலரும் ஒரு விதத்தில் அந்த வாய்க்குக் கட்டிய வாடகை.

அந்த வாயை அவர் நன்றாகவே பயன்படுத்தினார். செவ்வாய்க்கிழமை காலைகளில் கல்லூரி வழிபாட்டுக் கூடத்தில் பேசுவார், மாணவர்கள் வந்தே ஆக வேண்டும். கட்டாயத்தால் பிரிவினைக்கு உட்படலாம், ஆனால் தியேட்டரில் தனிப் படிக்கட்டில் ஏறி பால்கனியில் உட்கார வேண்டும் என்றால் அங்கே போய் உட்காருவது உன் விருப்பம், நான் போகமாட்டேன் என்ற ரீதியில் பேச்சு இருக்கும். 1946-லிருந்து பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதினார். 1955 நவம்பரில், மெம்ஃபிஸ் நகரத்தில், தெற்கு வரலாற்றாசிரியர்கள் சங்கக் கூட்டத்தில் நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரோடு ஒரே மேடையில் ஏறி, பிரிவினை அறரீதியாக ஏன் தவறு என்று பேசினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவன் 1944-ல் சேர்ந்த மார்ட்டின். வயது 15. இரண்டாம் உலகப்போருக்கு இளைஞர்களை இழுத்துக்கொண்டு போனதால் வகுப்புகள் காலியாகிவிட, பள்ளிப் படிப்பை முழுதாக முடிக்காத திறமையான பையன்களைத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள், அதில் வந்தவன். ஆக, கிங் மேஸின் கையில் கிடைத்ததே ஒரு காலிப் பெஞ்சுப் பிரச்சினையால்தான். உரை முடிந்ததும் பின்னாலேயே அலுவலகத்துக்குப் போய் விவாதம் பண்ணுவான். பின்னாளில் மேஸைத் தன் ஆன்மிக வழிகாட்டி என்றார் கிங்.

1956 பிப்ரவரியில் மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பின்போது கைது வாரண்ட் காத்திருந்த சமயம், அப்பா மார்ட்டின் கிங் பயந்துபோய் அட்லான்டாவின் பெரிய மனிதர்களை வீட்டுக்குக் கூட்டி, மகனைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் அப்பாவின் பக்கம். மகன் போயே தீருவேன் என்று சொல்லிவிட்டு, அழுத அப்பாவைப் பார்க்க முடியாமல் மேஸைப் பார்த்தான். மேஸ்தான் அவனுக்காகப் பேசினார். அதற்கப்புறம் அறையின் பேச்சே மாறியது.

1960-ல் அட்லான்டா மாணவர்கள் கிளம்பினார்கள். முன்னின்றவர்கள் மோர்ஹவுஸின் லானி கிங் (மார்ட்டினுக்கு உறவில்லை, இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்), ஜூலியன் பாண்ட். கல்லூரித் தலைவர்கள் ஆறு பேரும் கூப்பிட்டுப் பேசி, முதலில் உங்கள் குறைகளை எழுதிச் சொல்லுங்கள் என்றார்கள். நேரம் கடத்தப் பார்க்கிறார்கள் என்று மாணவர்களில் சிலருக்குச் சந்தேகம், அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் விளைவாக வந்தது மார்ச் 9 அன்று நகரத்தின் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரமாக வெளிவந்த மனித உரிமைக் கோரிக்கை. பெரும்பகுதி எழுதியது ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி மாணவி ராஸ்லின் போப். மோர்ஹவுஸ் ஆண்களின் பெருமை பேசும்போது இந்தப் பெயரை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆறு நாள் கழித்து மாணவர்கள் சிற்றுண்டிச்சாலைகளில் போய் உட்கார்ந்தார்கள், 77 பேர் கைது. மேஸ் ஒருவரையும் நீக்கவில்லை.

அந்த வருடங்களில் அரசுப் பதவி மட்டும் அவருக்குக் கிட்டவேயில்லை. கென்னடி 1961-ல் கூட்டாட்சி அரசின் சிவில் உரிமை ஆணையத்துக்கு அவரை நியமிக்க நினைத்தபோது, ஜார்ஜியாவின் இரண்டு செனட்டர்கள், ரிச்சர்ட் ரஸலும் ஹெர்மன் டால்மேஜும், கம்யூனிஸ்ட் தொடர்பு என்று கிளப்பிவிட்டுத் தடுத்துவிட்டார்கள். பாப்டிஸ்ட் பாதிரியார் ஒருவரைப் பற்றி! 1963-ல் போப் இருபத்துமூன்றாம் ஜான் இறந்தபோது அமெரிக்கக் குழுவில் சேர்த்து ரோமுக்கு அனுப்பினார்கள். அதே ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியில் கிங் தன் கனவைச் சொல்லி முடித்த பிறகு, கூட்டத்தை ஆசீர்வதித்து அனுப்பி வைத்தவர் மேஸ்தான். துக்கத்துக்கும் ஆசீர்வாதத்துக்கும் கூப்பிடுவார்கள், அதிகாரத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

1967-ல் ஓய்வு. மறு வருடம் கிங்கின் சாவு. 1969-ல் மனைவி சேடி, தன்னளவிலேயே பெயர்பெற்ற சமூகப் பணியாளர், இறந்துபோனார். அந்த வருடம்தான் மோர்ஹவுஸில் புதிய தலைமுறை மாணவர்கள் அறங்காவலர்களை ஒரு கட்டடத்துக்குள் பூட்டி வைத்தார்கள், உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் மார்ட்டினின் அப்பாவும் ஒருவர், பூட்டியவர்களில் பிற்காலத்து ஹாலிவுட் நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனும் ஒருவர். கல்லூரி உருவாக்கிய ஒழுக்கமான ஆண்பிள்ளை என்ற வார்ப்பையே அவர்கள் கேள்வி கேட்டார்கள். இந்தச் சூழலில் 75 வயது மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். மேஸ் அட்லான்டா பள்ளி வாரியத் தேர்தலில் நின்றார். ஜெயித்தார். 1970-ல் அதன் முதல் கறுப்பினத் தலைவரானார். முதன்முறையாக அவர் கையில் நிஜமான அரசு அதிகாரம், அதாவது பணம், நியமனம், பள்ளிக்கூடங்கள்.

கூடவே ஒரு வழக்கும். 1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினை செல்லாது என்றது. ஒருங்கிணைந்த பள்ளிக்குப் பணமே கிடையாது, மூடிவிடுவோம் என்றது ஜார்ஜியா சட்டமன்றம். 1958-ல் அட்லான்டாவின் கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இழுத்து இழுத்து 1961 ஆகஸ்டில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நான்கு வெள்ளையர் பள்ளிகளுக்குள் போனார்கள், கலவரம் இல்லை, கென்னடியே பாராட்டினார், நகரம் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டது. ஒன்பது பேர்! அதன் பிறகும் வழக்கு முடியவில்லை. 1971-ல் சார்லட் நகர வழக்கில், பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பியாவது கலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அட்லான்டாவிலும் அதையே செய்யுங்கள் என்றார்கள் பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்கள்.

ஆனால் இதற்குள் நகரமே மாறிவிட்டது. வெள்ளையினக் குடும்பங்கள் புறநகர் மாவட்டங்களுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தன. 1970 மக்கள்தொகைக் கணக்கில் அட்லான்டா கறுப்பினப் பெரும்பான்மை நகரம். பள்ளிகளில் இன்னும் வேகம். 1973 வாக்கில் மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். புறநகர்ப் பள்ளிகள் தனித்தனி வாரியங்கள், அட்லான்டா வாரியத்தின் கை அங்கே நீளாது. அப்படியானால் பஸ்ஸில் ஏற்றி யாரை யாரோடு கலப்பது? மிச்சமிருந்த வெள்ளையினப் பிள்ளைகளை ஒவ்வொரு பள்ளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தால், அவர்களும் மறு வருடம் புறநகருக்குப் போய்விடுவார்கள் என்பது மேஸ் தரப்பின் கணக்கு.

1973-ல் முடிந்த சமரசத்தின் சாரம் இதுதான். பஸ் ஏற்பாடு மிகச் சிறிய அளவில், சில ஆயிரம் பிள்ளைகளுக்கு மட்டும். பதிலுக்குப் பள்ளி நிர்வாகத்தின் மேல்பதவிகளில் பாதி கறுப்பினத்தவருக்கு, தலைமைக் கண்காணிப்பாளரும் கறுப்பினத்தவர். அலோன்ஸோ க்ரிம் அந்தப் பதவிக்கு வந்தார். தெற்கின் பெரிய நகரம் ஒன்றின் பள்ளிகளை நடத்திய முதல் கறுப்பினத்தவர். கறுப்பினத் தரப்பில் இந்தப் பேரத்தைப் பேசி முடித்த என்.ஏ.ஏ.சி.பி. கிளைத் தலைவர் யார் தெரியுமா? 1960-ல் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்த அதே லானி கிங். மேஸ் நீக்காமல் காப்பாற்றிய மாணவனும் மேஸும் பதின்மூன்று வருடம் கழித்து ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். தேசிய அமைப்பு லானியை நீக்கியது.

தேசிய அமைப்பின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிவினை அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று சொல்லித்தான் 1954-ல் ஜெயித்தார்கள். அதை ஓர் ஊரில் பதவிகளுக்கு மாற்றிக்கொண்டால், அடுத்த ஊர் வெள்ளையினப் பள்ளி வாரியம் எங்களுக்கும் அட்லான்டா மாதிரியே செய்யுங்கள் என்று கேட்காதா? இன்னொரு விமர்சனம் எனக்கு இதைவிடக் கூர்மையாகப் படுகிறது: மேல்பதவிகள் கிடைத்தது படித்த கறுப்பின நடுத்தர வர்க்கத்துக்கு, அதாவது ஏறக்குறைய மோர்ஹவுஸ் வகையறாவுக்கு, பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டியவர்களோ ஏழைப் பிள்ளைகள். இந்த வர்க்கக் கோணத்தை மேஸ் போதுமான அளவு யோசித்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் அவர் மனம் மாறிவிட்டார் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பிரிவினை தவறு என்பது அவருக்கு எப்போதும் ஒரு விஷயம், கறுப்பினத்தவர் கையில் ஒரு நிறுவனம் இருப்பது இன்னொரு விஷயம். வெள்ளையினப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கறுப்பினப் பிள்ளைக்குப் படிப்பு ஏறும் என்பதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை; 27 வருடம் ஒரு முழுக் கறுப்பினக் கல்லூரியை நடத்தியவர் எப்படி நம்புவார்? சட்டம் கதவைத் திறக்க வேண்டும், உள்ளே யார் சாவியை வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மோர்ஹவுஸில் கட்டணம் வசூலித்த அதே கணக்குதான் பள்ளி வாரியத்திலும். அடுத்த வருடமே, 1974-ல், டெட்ராய்ட் வழக்கில், நகரத்தின் எல்லையைத் தாண்டிப் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துக் கலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்லான்டாவில் முழு அளவில் பஸ் விட்டிருந்தால் எதில் போய் முட்டியிருக்குமோ, அதே சுவர். இதைச் சொல்வதால் சமரசம் சரி என்று ஆகிவிடாது, எதிர்த்தவர்களுக்கும் நடைமுறையில் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது என்பது மட்டும் தெரிகிறது.

அதே 1973-ல் அட்லான்டா தன் முதல் கறுப்பின மேயரைத் தேர்ந்தெடுத்தது. மேனார்ட் ஜாக்சன், 14 வயதில் மோர்ஹவுஸில் சேர்ந்து 1956-ல் பட்டம் வாங்கியவர். பள்ளி வாரியத்தில் மேஸ், மேயர் அலுவலகத்தில் அவருடைய மாணவர். நகரத்தின் வியாபாரம் மட்டும் இன்னும் வெள்ளையர் கையில்.

மேஸ் 1981 வரை, 86 வயது தாண்டியும், அந்த நாற்காலியில் இருந்தார். 1984 மார்ச்சில் இறந்தார். இப்போது அவரும் சேடியும் மோர்ஹவுஸ் வளாகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறார்கள். அவர் பதவி விட்ட அந்த வருடம் தென்மேற்கு அட்லான்டாவில் அவருடைய பெயரில் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். இன்றும் நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாருமே கறுப்பினத்தவர்.